சொசைட்டி என்று சொல்லி விற்ற பட்டு

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்து, குடும்பத்தோடு காஞ்சிபுரம் கோயில்களுக்குப் போனோம். "இதுதான் சொசைட்டி (நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்), தறி விலைக்கே கிடைக்கும்" என்று டிரைவர் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். சுத்தப் பட்டு என்றார்கள். இரண்டு சேலைக்கு 32,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினோம். பில் கேட்டால் 'எஸ்டிமேட்' சீட்டுதான் தந்தார்கள். நெசவு தெரிந்த உறவினர், பாலியெஸ்டர் கலப்பு என்கிறார். கடையில் "விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்கள். வழக்குப் போட காஞ்சிபுரம் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். வெளியூர்க்காரர் திரும்பி வரமாட்டார் என்ற தைரியத்தில் நடக்கும் வியாபாரம் இது. பலருக்கு இந்தப் பிரிவு தெரியாததே இப்படி விற்பவர்களுக்கு வசதி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை (எங்களுக்கு நஷ்டம்தான்!). 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யுங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் சேலையில்தான் இருக்கிறது. உறவினர் சொன்னது சாட்சியத்துக்குப் போதாது. சேலையை உடுத்தாதீர்கள், துவைக்காதீர்கள், நூலை உருவி எரித்துப் பார்க்காதீர்கள். ஆணையமே மாதிரிக்கு முத்திரை வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அட்டைப்பெட்டி, லேபிள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு (ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு) பெற்றது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றிருந்தால் தனிக் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

எஸ்டிமேட் சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே; கடையில் என்ன போர்டு மாட்டியிருந்தாலும் சரி. ஜிபே பணம் தனிநபர் கணக்குக்குப் போயிருந்தால் அவரையும் கடையோடு எதிர்தரப்பாகச் சேருங்கள். வங்கி அறிக்கை எடுத்துக்கொண்டு, பணத்தைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லிவையுங்கள்.

டிரைவரை வழக்கில் இழுக்க வேண்டுமென்று கோபம் வரும். கமிஷன் வாங்கியதை நிரூபிப்பது கஷ்டம். அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். என் யோசனை, அவரை விட்டுவிடுங்கள்.