மழை தூறுனாலே நடுங்குற பையன்

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி வந்துட்டு, ராத்திரி பூரா பக்கத்து வீட்டு மச்சுலதான் கிடந்தோம், அப்ப எம் பையனுக்கு 6 வயசு. இப்பவும் மழை தூறுனா என் சேலையப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேங்கான், ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுதான், படுக்கைய நனைச்சுருதான். டப்பாவ வீடு மாதிரி அடுக்கி வச்சு தண்ணிய ஊத்தி முக்குறதுதான் எப்பவும் வெளையாட்டு. ஆச்சி மந்திரிச்சுக் கயிறு கட்டுனாங்க. அந்தப் பேச்சையே எடுக்காதன்னு வீட்டுக்காரர் சொல்லுதாரு. என்ன செய்யட்டும் மேடம்?
- பெயர் வேண்டாம், ஏரல்

பதில்: அந்த வெளையாட்ட மட்டும் நிறுத்திராதீங்கம்மா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுன மழை அது, தாமிரபரணியில தண்ணி தொறக்காங்கன்னு நியூஸ் வந்தா பெரியவங்களுக்கே தூக்கம் போயிருது, பிள்ளைக்கு அத வாயால சொல்லத் தெரியல, டப்பாவ வச்சு சொல்றான். பக்கத்துல உக்காந்து பாருங்க. ஒவ்வொரு தடவையும் வீடு முங்குறதோட நின்னு அவன் முகம் இறுகிப்போச்சுன்னா, "இந்த வீட்டு ஆளுங்கல்லாம் எங்கப்பா போனாங்க?"ன்னு மெல்லக் கேளுங்க, பக்கத்துல இன்னொரு டப்பாவ வச்சு இதுதான் மச்சுன்னு சொல்லுங்க, நீங்க தப்பிச்சதும் அந்தக் கதையில வரணும். அவன் தட்டிவிட்டா விட்டுருங்க, கட்டாயப்படுத்தி பேச வைக்கவே கூடாது.

2004 சுனாமிக்கு அப்புறம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரங்க கடலோரத்து ஊர்க்காரங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து, பிள்ளைங்களோட படம் வரைஞ்சு, கதை சொல்லி, வெளையாடித்தான் பேச வச்சாங்க. வீட்டுக்காரர்கிட்டயும் இதச் சொல்லுங்க, நாம வாயே தொறக்கலன்னா பிள்ளை தானா எதையாவது நெனச்சு இன்னும் பயப்படும். அதுக்காக இனிமே வெள்ளமே வராதுன்னு சத்தியம் பண்ணாதீங்க, தண்ணி ஏறுனா எங்க போவோம், எந்தப் பைய எடுப்போம்னு அவனையும் சேத்துக்கிட்டு பேசி வைங்க, அவன் நோட்டு புக்க அவனே பிளாஸ்டிக் கவர்ல போடட்டும். வெள்ள வீடியோவ அவன் முன்னாடி பாக்காதீங்க. படுக்கை நனைஞ்சா திட்டாம, யார்கிட்டயும் சொல்லிக் காட்டாம துணிய மாத்திவிடுங்க. ஆச்சி கட்டுன கயிறு இருக்கட்டும், அவங்க மடியில உக்காந்து விபூதி பூசிக்கிறதும் பிள்ளைக்கு ஒரு தெம்புதான்.

ஆனா கயிறோட நிறுத்திக்காதீங்க. பெரும்பாலான பிள்ளைங்க கொஞ்ச நாள்ல தானாவே தேறிருவாங்க, ஒரு மாசம் தாண்டியும் தூக்கமும் ஸ்கூலும் கெட்டா டாக்டரப் பாத்தே ஆகணும், உங்க பையனுக்கு வருஷமே தாண்டிருச்சு. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, அதுக்கு முன்னாடி 14416ல டெலிமானஸுக்கு, அதாவது அரசாங்கத்தோட மனநல ஆலோசனை லைனுக்கு, போன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். இதுக்கு முக்கியமான வைத்தியமே பேச்சும் வெளையாட்டும்தான், பயத்த கொஞ்சம் கொஞ்சமா பழக்கி எடுப்பாங்க, உங்களையும் கூட உக்கார வைப்பாங்க. மெடிக்கல்ல கேட்டு தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் குடுத்துராதீங்க. மழைச் சத்தம் கேட்டா உங்களுக்கும் படபடன்னு வருதுன்னா அதே நம்பர்ல உங்களுக்காகவும் பேசுங்கம்மா, அன்னைக்கு ராத்திரி அந்த மச்சுல நீங்களும்தான இருந்தீங்க.