பனிப்போரும் கட்டுப்படுத்தும் கொள்கையும்: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

பனிப்போர் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளுடைய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கட்டுப்படுத்தும் கொள்கை என்பது, சோவியத் ஒன்றியத்தின் செல்வாக்கும் கம்யூனிசமும் மேலும் பரவாமல் தடுக்க, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா கடைப்பிடித்த கொள்கை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர்: பாடநூல்களில் இக்கொள்கையோடு ட்ரூமன் பெயர்தான் வருகிறது. ஜார்ஜ் கென்னனுக்கு இதில் என்ன பங்கு?

பதில்: கருத்து கென்னனுடையது. அதை அரசின் கொள்கையாக உலகுக்கு அறிவித்தவர் அன்றைய அமெரிக்க அதிபர் ட்ரூமன். மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றிய கென்னன், 1946 பிப்ரவரி 22 அன்று வாஷிங்டனுக்கு மிக நீண்ட தந்தி ஒன்றை அனுப்பினார். மேற்குலகின் மீது சோவியத் தலைமை கொண்டுள்ள அவநம்பிக்கை, தன் உள்நாட்டு ஆட்சியை நியாயப்படுத்த வேண்டிய தேவையிலிருந்து பிறப்பது; ஆகவே சலுகைகளால் அது தணியாது; எனினும் அவர்கள் ஹிட்லரைப் போல அவசரப்பட்டுப் போரில் இறங்குபவர்கள் அல்லர், உறுதியான தடையைக் கண்டால் பின்வாங்குவார்கள் என்பதே அதன் சாரம். 1947 ஜூலையில் 'எக்ஸ்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரை, பொறுமையும் உறுதியும் விழிப்பும் கொண்ட நீண்டகாலக் கட்டுப்படுத்தலை வலியுறுத்தியது.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. உலகின் ஒவ்வொரு மூலையையும் காக்க வேண்டும் என்று கென்னன் கருதவில்லை. நவீனப் போருக்கான தொழில்வலிமை அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியின் ரைன் பகுதி, ஜப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து இடங்களில்தான் இருக்கிறது. ஐந்தில் ஒன்று மட்டுமே மாஸ்கோவின் கையில் உள்ளது. மற்றவை போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அவர் கணக்கு. ட்ரூமனோ 1947 மார்ச் 12 அன்று, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியபோது, அடிபணிய மறுக்கும் சுதந்திர மக்கள் அனைவருக்கும் துணைநிற்பதாகப் பொதுப்படையாக உறுதியளித்துவிட்டார். அந்த எல்லையற்ற உறுதிமொழி கென்னனுக்கு அப்போதே உடன்பாடாக இல்லை. பின்னால் நேர்ந்த துயரங்கள் பலவற்றின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: கிரேக்க உள்நாட்டுப் போரை ஸ்டாலின்தானே தூண்டினார்? அப்படியானால் ட்ரூமன் செய்தது சரிதானே, ஐயா?

பதில்: கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்கொண்ட கிரேக்க அரசுக்குப் பிரிட்டன் அளித்துவந்த உதவியைத் தொடர இயலாது என்று 1947 பிப்ரவரியில் கைவிரித்த நிலையில், அமெரிக்கா ஏதேனும் செய்தே ஆகவேண்டியிருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தூண்டியவர் ஸ்டாலின் என்று சொல்ல இயலாது. 1944 அக்டோபரில் மாஸ்கோவுக்கு வந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலோடு செல்வாக்கு வட்டங்களைப் பங்கிட்டபோதே, கிரேக்கத்தைப் பெருமளவு பிரிட்டனுக்கு விட்டுக்கொடுக்க அவர் இசைந்திருந்தார். கிரேக்கக் கம்யூனிஸ்டுகளுக்கு ஆயுதமும் புகலிடமும் முதன்மையாகக் கிடைத்தது டிட்டோவின் யூகோஸ்லாவியாவிலிருந்துதான். 1948 ஜூனில் ஸ்டாலினும் டிட்டோவும் வெளிப்படையாகப் பிரிந்தனர். 1949 ஜூலையில் யூகோஸ்லாவியா எல்லையை மூடியது. அவ்வாண்டே கிளர்ச்சி முடிவுக்கு வந்தது.

அதன்பின் அமெரிக்கா கம்யூனிஸ்டான டிட்டோவுக்கே பொருளுதவியும் பின்னர் ஆயுத உதவியும் அளித்தது. கம்யூனிஸ்டுகள் எல்லோரும் மாஸ்கோவின் கைப்பாவைகள் அல்லர் என்பதை வாஷிங்டன் 1949-லேயே அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வியட்நாமில் அந்த அறிவைப் பயன்படுத்தாமல் போனதுதான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

பொருளியல் மாணவி ஒருவர்: மார்ஷல் திட்டம் உதவியா, ஆயுதமா?

பதில்: இரண்டும்தான். போரால் சிதைந்த ஐரோப்பாவை மீட்டெடுக்க அமெரிக்கா வகுத்த பொருளுதவித் திட்டம் இது. 1948 முதல் நான்கு ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் 16 நாடுகளுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் சென்றது. பசியும் வேலையின்மையும் பிரான்சிலும் இத்தாலியிலும் கம்யூனிஸ்ட் கட்சிகளை வளர்க்கும் என்ற அச்சம் அதன் பின்னே இருந்தது. ஐரோப்பா எழுந்தால் அமெரிக்கப் பொருள்களுக்குச் சந்தை கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது. சோவியத் ஒன்றியமும் அழைக்கப்பட்டது. ஆனால் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பாரிஸ் பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறினார், சேர விரும்பிய செக்கோஸ்லோவாக்கியாவை ஸ்டாலின் தடுத்துவிட்டார். கென்னன் மனத்தில் இருந்த கட்டுப்படுத்தல் இத்தகையதே.

அதே மாணவி: பிறகு அது எப்போது இராணுவக் கொள்கையாக மாறியது?

பதில்: 1949-க்கும் 1950-க்கும் இடையில். அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த இராணுவக் கூட்டணியான நேட்டோ 1949 ஏப்ரலில் உருவானது. ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. அக்டோபரில் சீனாவில் மாவோ கம்யூனிஸ்ட் ஆட்சியை நிறுவினார். வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டக் குழுவில் கென்னனுக்குப் பின் பொறுப்பேற்ற பால் நிட்சே, 1950 ஏப்ரலில் 'என்.எஸ்.சி. 68' எனப்படும் இரகசிய அறிக்கையைத் தயாரித்தார். எங்கே தோற்றாலும் எல்லா இடத்திலும் தோற்றதாகும் என்பது அதன் பார்வை. அத்தனை செலவுக்கு ட்ரூமன் தயங்கிக்கொண்டிருந்தபோது, ஜூன் 25 அன்று வட கொரியப் படைகள் இரு கொரியாக்களையும் பிரித்த 38-ஆம் இணைகோட்டைக் கடந்தன. வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் அத்திட்டத்துக்கு ஸ்டாலின் ஒப்புதல் அளித்திருந்ததைப் பின்னாளில் வெளியான சோவியத் ஆவணங்கள் காட்டுகின்றன. அமெரிக்காவின் பாதுகாப்புச் செலவு சில ஆண்டுகளில் மும்மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

தென் கொரியாவைக் காத்தது கட்டுப்படுத்தல். அதோடு நில்லாமல் அமெரிக்கப் படைகள் அக்டோபரில் வடக்கே சீன எல்லையை நோக்கிச் சென்றது வேறு கொள்கை. அதன் விளைவாகச் சீனா போரில் இறங்கியது. 1953 ஜூலையில் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது, கோடு ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே இருந்தது.

மற்றொருவர்: 1956-இல் ஹங்கேரிக்கு அமெரிக்கா ஏன் உதவவில்லை?

பதில்: சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத் படைகள் நசுக்கியபோது அமெரிக்கா தலையிடாதது, அணு ஆயுதப் போருக்கு அஞ்சியதால். கிழக்கு ஐரோப்பாவை விடுவிப்போம் என்று பின்னர் அதிபரான ஐசனோவரும் அவரது வெளியுறவு அமைச்சரான டல்லஸும் தேர்தல் காலத்தில் பேசியது வெறும் பேச்சாகவே நின்றுவிட்டது. அதை நம்பியவர்கள் புடாபெஸ்ட் தெருக்களில் மாண்டனர்.

வரலாற்று ஆய்வாளர் ஒருவர்: 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்ததும் லாவோஸும் கம்போடியாவும் கம்யூனிஸ்டுகள் வசமாயின. டொமினோ கோட்பாடு உண்மைதானே?

பதில்: நியாயமான கேள்வி. 1954 ஏப்ரலில் ஐசனோவர் சொன்ன கோட்பாட்டின்படி, ஒரு நாடு சரிந்தால் வரிசையாக அடுத்தவையும் சரிந்து முழுப் பகுதியும் ஒரே முகாமின் வசமாகவேண்டும். நடந்தது என்ன? தாய்லாந்து சரியவில்லை, மலேசியாவும் சரியவில்லை. வென்றவர்களோ தமக்குள்ளேயே மோதிக்கொண்டனர்: 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தது, 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியது. மேலும், கம்போடியா வீழ்ந்ததற்குக் காரணங்களில் ஒன்று அந்நாட்டின் மீது அமெரிக்கா பொழிந்த குண்டுகளே.

வியட்நாமின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் 1945-46 காலத்தில் விடுதலைக்கு ஆதரவு கேட்டு ட்ரூமனுக்குக் கடிதங்கள் எழுதினார், பதில் வரவில்லை. மாறாக, பிரான்சின் காலனியப் போருக்கான செலவில் பெரும்பகுதியை இறுதியில் அமெரிக்காவே ஏற்றது. 1966 பிப்ரவரியில் செனட் குழுவின் முன் கென்னனே சாட்சியளித்து, பின்னர் அமெரிக்காவே வியட்நாமில் நடத்திய போர் தேவையற்றது என்றார். 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான வியட்நாமியரும் இறந்தனர். 1965-66-இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்றும் ஆதரவாளர்கள் என்றும் குறிக்கப்பட்ட குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், அமெரிக்கத் தூதரகம் அதை அறிந்தே ஆதரித்ததையும், இக்கொள்கையின் வெற்றிகளைப் பேசும் எவரும் விட்டுவிடலாகாது.

மற்றொருவர்: இந்தியா ஏன் இரு முகாம்களிலிருந்தும் விலகி நின்றது?

பதில்: நேரு அதைக் கொள்கையாகவே கொண்டிருந்தார், பாகிஸ்தான் எடுத்த முடிவு அதை மேலும் உறுதிப்படுத்தியது. 1954-இல் அமெரிக்காவுடன் இராணுவ உதவி ஒப்பந்தம் செய்த பாகிஸ்தான், அடுத்தடுத்துச் சீட்டோ, பாக்தாத் ஒப்பந்தம் ஆகிய மேற்குலக ஆதரவுப் பாதுகாப்புக் கூட்டணிகளில் சேர்ந்தது. கம்யூனிசத்தைத் தடுப்பதற்கென வழங்கப்பட்ட பாட்டன் டாங்கிகள் 1965-இல் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் இந்தியாவுக்கு எதிராக வந்து நின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியது. கொள்கை வென்றது என்று சொல்லலாமா?

பதில்: விரிவைத் தடுத்து நிறுத்தினால் அந்த அமைப்பு தன் உள்முரண்களாலேயே தளரும் அல்லது இளகும் என்று 1947-இல் கென்னன் எழுதியது ஏறக்குறைய அப்படியே நடந்தது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் அதற்குப் பயன்பட்டவை எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் செழித்ததும், சோவியத் ஒன்றியம் தரைவழிகளை அடைத்த மேற்கு பெர்லினை 1948-49-இல் ஒரு துப்பாக்கிச் சூடுகூட இன்றி விமானங்களால் உணவளித்துக் காத்ததும், சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் இருந்த பிளவை 1972-இல் அதிபர் நிக்சன் பயன்படுத்தியதும் அந்த முடிவுக்கு உதவின. வியட்நாமும் இந்தோனேசியப் படுகொலைகளும் அதை ஒரு நாள்கூட முன்கொண்டு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் 1989-இல் கிழக்கு ஐரோப்பாவுக்குப் படை அனுப்ப மறுத்தது அவரது சொந்த முடிவு. அதற்குரிய பெருமையை வாஷிங்டன் எடுத்துக்கொள்ள முடியாது.