தண்ணீரிலும் காட்டிலும் கேமரா: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பத்து மீட்டர் ஆழத்தில் எடுத்த பவளப் படங்கள் எல்லாம் நீலம் பூசியதுபோல் இருக்கின்றன. கேமராவில் கோளாறா அண்ணா?

கேமராவில் ஒன்றும் இல்லை. சிவப்பு ஒளியைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டரிலேயே மங்கத் தொடங்கும், பத்து மீட்டரில் பெரும்பாலும் போயே போய்விடும். அங்கே விரலில் கீறல் பட்டால் ரத்தம்கூடப் பச்சையாகத் தெரியும். இல்லாத சிவப்பை எடிட்டிங்கில் வரவழைக்க முடியாது, வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 1926இல் மீன் ஆய்வாளர் லாங்லியும் புகைப்படக்காரர் மார்ட்டினும் ஃப்ளோரிடா அருகே முதல் நீரடி வண்ணப்படத்தை எடுத்தபோது, மேலே மிதவையில் மக்னீசியத் தூளை வெடிக்கவிட்டுத்தான் வெளிச்சம் பெற்றார்கள். இன்று நமக்கு ஸ்ட்ரோப், அதாவது நீருக்கடியில் அடிக்கும் ஃப்ளாஷ் இருக்கிறது. ஆனால் அதன் ஒளியும் மீன்வரை போய்த் திரும்பும் வழியில் சிவப்பை இழக்கும். அதனால் ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுங்கள். ஸ்ட்ரோப் இல்லாவிட்டால் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்த தகவலைக் குறைக்காமல் வைக்கும் வடிவத்தில் எடுங்கள். ஆழம் மாறும்போதெல்லாம் வெள்ளைச் சிலேட்டைக் காட்டி, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை மறுபடி வையுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரோப் போட்டதிலிருந்து படம் முழுக்கப் பனி கொட்டுகிறதே?

லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் துகள்களில் ஒளி பட்டுத் திரும்புகிறது. ஸ்ட்ரோப்பை இரண்டு பக்கமும் அகலமாக விரித்து, ஹவுசிங்குக்கு, அதாவது கேமராவின் நீர்புகா உறைக்குச் சற்றுப் பின்னே இழுத்து, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள்.

கேள்வி: போன மாதம்தான் டைவிங் சான்றிதழ் வாங்கினேன். எப்போது கேமரா எடுத்துப் போகலாம்?

ஐந்து மீட்டரில், கையையும் காலில் மாட்டிய துடுப்பையும் அசைக்காமல், மூச்சை மட்டும் வைத்து ஒரு நிமிடம் ஒரே மட்டத்தில் நிற்கப் பாருங்கள். அது கைவந்த பிறகு எடுத்துப் போங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருமுறை, வியூஃபைண்டரில் கண் பதித்திருந்த ஒருவரின் துடுப்பு பின்னால் இருந்த கிளைப் பவளத்தில் பட்டதைப் பார்த்தேன். கை நீளக் கிளை ஒன்று முறிந்து மெல்லச் சுழன்றபடி மணலில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாறைபோல் திரண்டிருக்கும் பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: மான்டா திருக்கையை எத்தனை முறை எடுத்தாலும் வால்தான் கிடைக்கிறது.

துரத்துகிறீர்கள், அதனால்தான். நீந்தி அதை யாராலும் பிடிக்க முடியாது. சிறு மீன்கள் அதன் உடலைச் சுத்தம் செய்யும் பாறைத் திட்டுகள் உண்டு. அங்கே ஓரமாக, தாழ்வாக, அதன் வழியை மறிக்காமல் காத்திருங்கள். குமிழிகளைப் பொங்கவிடாமல் நிதானமாக மூச்சு விடுங்கள். ஒருநாள் அப்படி இருபது நிமிடம் இருந்தேன். தானாகவே வந்து தலைக்கு மேலே வட்டமிட்டது. கண் என் பக்கம் உருண்டதைப் பார்த்தேன், ஷட்டரை அழுத்தக்கூட ஒரு கணம் மறந்துவிட்டது. கரையிலும் இதே கதைதான். பறவையை நோக்கி நடந்தால் முதுகுதான் மிஞ்சும். அது இரை தேடி வரும் பாதையில் முன்கூட்டியே தரையோடு தரையாகப் படுத்திருங்கள். அதன் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினாலே படம் மாறிவிடும். பறக்கும்போது எடுக்க 1/2000 நொடி வையுங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் எடுக்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: மலைக்காட்சிக்கு லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டேன். வானம் ஒரு பக்கம் கருநீலம், மறு பக்கம் வெளிறிப்போகிறது.

சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது நன்றாக வேலை செய்யும். மிக அகலக்கோண லென்ஸ் அந்தத் திசையையும் மற்றதையும் சேர்த்தே பிடிப்பதால் இப்படி ஆகிறது. போலரைசரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

கேள்வி: ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிகிறது.

கேமராவைப் பையில் மூடியபடியே வெளியே கொண்டுபோய் அரைமணி நேரம் வையுங்கள். வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு திறங்கள்.

கேள்வி: விமானத்தில் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஹவுசிங்கின் பிரதான ஓ-ரிங்கை, அதாவது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே வையுங்கள், இல்லாவிட்டால் காற்றழுத்த மாற்றத்தில் மூடி இறுகிக்கொள்ளும். திரும்பப் போட்டதும் ஒரு முடி, ஒரு மணல்துகள்கூட ஒட்டவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பல நாள் டைவ் செய்திருந்தால் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. அந்த நேரத்தை நிலக்காட்சிக்கு ஒதுக்குங்கள்: ஒரு மாலை, ஒரு விடியல், ஒரு டிரைபாட். மலை உச்சிக்கு மட்டும் ஏறாதீர்கள், உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதுவும் விமானம் போலத்தான்.