கினாபாலு ஏறப் போகிறவர்களுக்கு: டிரெஸ்ஸர் மாமாவின் பதில்கள்

கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்திலிருந்து பதினான்கு பேர் வரும் மார்ச்சில் கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போய்க் கினாபாலு மலை ஏறப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்துப் பெட்டியில் விழுந்த கேள்விகளையும் கைப்பேசியில் வந்தவற்றையும் சேர்த்து என்னிடம் தந்தார்கள். நான் தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மலைக்குக் குழுக்களோடு போய் வருகிறவன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறைதான் பதில்.

கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி: மாமா, நான் வாரத்தில் ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி கட்டாயமா?

உனக்குத்தான் முதலில் கட்டாயம். கினாபாலுவின் உச்சி 4,095 மீட்டர். அங்கும் காற்றில் பிராணவாயு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதமாகிவிடும். இந்தக் குறைவை ஒருவருடைய உடம்பு எப்படித் தாங்கும் என்பதற்கும் அவர் எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதற்கும் தொடர்பே இல்லை. நோஞ்சானாகத் தெரிகிறவர் சிரித்துக்கொண்டு போவார். தோள் அகன்றவர் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் நாள் திம்போஹோன் வாசலிலிருந்து (1,866 மீட்டர்) பானாலாபான் தங்குமிடம் வரை (3,272 மீட்டர்) ஆறு கிலோமீட்டர். வலுவுள்ள பிள்ளைகள் அதைப் போட்டி போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் நட. பேச்சு துண்டு துண்டானால் வேகம் அதிகம் என்று பொருள்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒருவர்: ஜெராய் மலை ஏறிப் பழகினால் போதாதா?

கால்களுக்குப் போதும், மூச்சுக்குப் போதாது. ஜெராய் 1,217 மீட்டர். குரூண் பக்கம் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நடந்தால், கினாபாலுவின் முதல் நாள் ஏற்றமான 1,400 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. வீட்டுக்கு அருகில் இப்படி ஒரு மலை இருப்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் அந்த உயரத்தில் காற்று இன்னும் கனமாகவே இருக்கிறது. உயரத்துக்குப் பழக்குவதெல்லாம் ஜெராயில் நடக்காது.

பலர் ஏற்றத்துக்குப் பழகுகிறார்கள், இறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் விடியற்காலை 823 மீட்டர் ஏறி உச்சியைப் பார்த்த பிறகு, அதே நாளில் 2,229 மீட்டர் இறங்கியாக வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. மறுநாள் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாமல் செய்வது அந்த வேலைதான். ஆகையால் ஜெராயில் ஏறிவிட்டு நண்பரின் காரில் இறங்கி வருகிறவர்களுக்குப் பாதிப் பயிற்சிதான் கணக்கு. மாதத்தில் ஒருமுறையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடங்கள். களைத்த காலோடு நடப்பது எப்படி என்பது இரண்டாம் நாளில்தான் தெரியும். பையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்து அக்கா ஒருவர்: எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சின்ன வயதிலிருந்து ரப்பர் பால் வெட்டினேன், இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை. மகள் வரச் சொல்கிறாள். பிள்ளைகளுக்கு நான் பாரமாக இருப்பேனா?

வாருங்கள் அக்கா. பெரட்டுக்காக (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) விடியுமுன் எழுந்து பழகியவர்களுக்கு, அதிகாலை இரண்டு மணிக்கு உச்சிக்குக் கிளம்புவது புதிதல்ல. கஷ்டப்படப் போவது நள்ளிரவுவரை கைப்பேசி பார்க்கும் பிள்ளைகள்தான். இரத்த அழுத்தத்தையும் முழங்காலையும் மட்டும் முன்கூட்டியே கிளினிக்கில் காட்டிவிடுங்கள். இறக்கத்துக்கு இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நீங்கள்தான் முன்னால் நடக்கிறீர்கள். மெதுவாக நடப்பவர் முன்னே போனால் குழு சிதறாது. பின்னே விட்டால் அவர் தனியாகிவிடுவார், நிற்க வெட்கப்பட்டு மூச்சு வாங்க வாங்க ஓடி வருவார்.

இன்னொருவர்: கம்போங் அடிடாஸ் போட்டுக்கொண்டு ஏறலாமா? சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை. பால்மரம் வெட்டப் போட்ட அந்தக் கறுப்பு ரப்பர் காலணியைத்தான் கினாபாலுவின் வழிகாட்டிகளிலும் சுமை தூக்குகிறவர்களிலும் பலர் போடுகிறார்கள். அடியில் உள்ள முளைகள் சேற்றையும் வேரையும் கவ்விப் பிடிக்கும். நனைந்தாலும் கவிழ்த்து வைத்தால் வடிந்துவிடும். ஆனால் அதில் மெத்தை கிடையாது. அவர்களுடைய பாதம் அதற்குப் பழகியது. உங்கள் பாதம் எப்படி என்பதை ஜெராய் சொல்லிவிடும். போடுவதானால் ஓர் அளவு பெரிதாக வாங்கித் தடித்த காலுறையோடு போடுங்கள்.

மலையேற்றக் காலணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலமாரியில் பல ஆண்டு கிடந்ததை எடுத்துக்கொண்டு வராதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அடிப்பாகத்து நுரை உள்ளுக்குள் மக்கிவிடும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், பாதி வழியில் வாயைப் பிளக்கும். கட்டை விரலால் அடிப்பாகத்தின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். கால் நகங்களைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் நுனி முட்டிக்கொண்டே வரும்; நீண்ட நகம் கறுத்துக் கழன்றுவிடும்.

ஒரு தங்கை: அங்கே எவ்வளவு குளிர் இருக்கும்? கோயில் விழாவுக்கு அடித்த குழுச் சட்டையை எல்லாரும் போடப் போகிறோம்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு டிகிரிக்குமேல் குறையும். கடலோரத்தில் 30 என்றால் உச்சியில் நான்கைந்து. விடியற்காலையில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும், மேலே காற்றும் அடிக்கும். அந்தக் குழுச் சட்டை பருத்தி. வியர்வையில் நனைந்தால் காயாது. நின்ற இடத்தில் நடுக்கம் எடுக்கும். படம் எடுக்க மட்டும் போடுங்கள். நடப்பதற்குக் காற்பந்து ஜெர்சித் துணி, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் மழைக்கோட்டு. கையுறை இரண்டு ஜோடி: குளிருக்கு ஒன்று, பாறையில் கயிறு பிடிக்க ஒன்று. கயிற்றுக்கு வன்பொருள் கடையில் விற்கும் ரப்பர்ப் புள்ளி வைத்த கையுறையே போதும். தலைவிளக்கு கட்டாயம். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு கயிற்றையும் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

நான்கு பேர் கேட்டது: டயமாக்ஸ் மாத்திரை போடலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடலாம். அசெட்டசோலமைடு என்ற மருந்து அது. மூச்சைச் சற்று வேகப்படுத்தி, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவாக்கும். தடுப்புக்கு வழக்கமாகத் தருவது 125 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் போகும்; பயப்பட வேண்டாம். முதல் மாத்திரையை வீட்டில் இருக்கும்போதே ஒருநாள் போட்டுப் பாருங்கள். நண்பரின் மாத்திரையை இரவல் வாங்காதீர்கள்.

மாத்திரையைவிட எனக்குப் பிடித்த ஏற்பாடு, முதல் இரவை மலையடிவாரத்து ஊரான குண்டாசாங்கில் கழிப்பது. சபாவின் தலைநகரான கோத்தா கினாபாலுவின் கடலோரத்தில் தூங்கி எழுந்து, அன்றைக்கே 3,272 மீட்டரில் போய்ப் படுப்பது உடம்புக்குச் செய்யும் கொடுமை. செலவு கொஞ்சம் கூடும் என்று சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. கூடட்டும்.

சர்க்கரை நோயுள்ள அண்ணன் ஒருவர்: நான் வரலாமா?

டாக்டர் சரி என்றால் வரலாம். நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். நடுக்கமும் குழப்பமும் மலை நோய் (உயரத்தில் பிராணவாயு குறைவதால் வருவது) என்று நினைக்கப்பட்டுவிடும். ஆகவே குழுவில் எல்லாருக்கும் உங்கள் நிலை தெரிந்திருக்க வேண்டும். மறைக்காதீர்கள். இன்சுலின் உறையக் கூடாது, சோதனைக் கருவி குளிரில் தவறாகக் காட்டலாம். இரண்டையும் உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் இன்ஹேலரை அப்படியே.

ஒரு தாயார்: என் மகனுக்குப் பதினேழு வயது. மேலே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? 2015இல் நிலநடுக்கம் வந்ததே!

அம்மா, 2015 ஜூன் 5 காலையில் வந்த அந்த நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் மலை வழிகாட்டிகளும் அதில் உண்டு. அது மறுபடி வராது என்று நான் சொல்ல மாட்டேன். வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏற அனுமதி இல்லை. ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் நம் குழுவுக்கு மூவர் வருவார்கள். அவர்கள் திரும்பு என்றால் திரும்புவோம்.

என்னால் பொறுப்பேற்க முடிந்தது மலை நோய். தலைவலியோடு குமட்டலோ, சோர்வோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. தண்ணீர், பாரசிட்டமால், ஓய்வு. குறையவில்லை என்றால் உச்சி கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குடித்தவரைப்போல் தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளை வீங்கியிருக்கலாம். தரையில் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்வேன். முடியாவிட்டால் இருட்டானாலும் மழையானாலும் வழிகாட்டியோடு உடனே கீழே இறக்கிவிடுவோம். அதற்குக் காத்திருந்து பார்க்கும் வைத்தியம் கிடையாது. உங்கள் மகன் எனக்குத் தலைவலி என்று வாய் திறந்து சொல்கிற பிள்ளையா? அதை வீட்டில் பேசிவிட்டு அனுப்புங்கள். வீறாப்புக்கு மறைக்கிற பையன்தான் எனக்குப் பயம்.

ஒருவர், பெயர் எழுதவில்லை: குளிருக்கு ஒரு சின்னப் பாட்டில் கொண்டு வரலாமா?

கூடாது. தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். தூக்க மாத்திரையும் அதே ரகம். கையெழுத்தைப் பார்த்து யார் என்று தெரிந்துகொண்டேன்.

சைவம் சாப்பிடுபவர்: மேலே என்ன சாப்பிடுவது?

முன்பதிவின்போதே சைவம் என்று சொல்லிவிடுவோம். பையில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். உயரத்தில் பசிக்காது, பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். வழி நெடுகப் பொண்டோக்குகளில் (இளைப்பாறும் குடில்களில்) உள்ள தொட்டித் தண்ணீர் சுத்திகரிக்காதது; தண்ணீரில் சுத்திகரிப்பு மாத்திரை போட்டுக் குடியுங்கள்.

கடவுச்சீட்டு வேண்டுமா?

வேண்டாம். மைகார்டு (மலேசிய அடையாள அட்டை), அசல். நகல் கொண்டு வருகிறவரைச் சபா குடிநுழைவு முகப்பில் விட்டுவிட்டு நாங்கள் போய்விடுவோம்.

கோயில் குழுவிலிருந்து: உச்சியில் சூடம் ஏற்றலாமா?

வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட பூங்கா, 2000ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரிய இடம். அதோடு அந்த மலை வேறொருவருடைய கோயில். இறந்த முன்னோரின் ஆவிகள் அங்கே தங்கியிருப்பதாகக் கடாசான் டூசுன் மக்கள் நம்புகிறார்கள். வெள்ளைக் கோழியும் வெற்றிலையும் வைத்து மலைக்குப் பூசை செய்கிறார்கள். முனியாண்டிக்குக் கோழியும் சுருட்டும் படைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே கத்தாதீர்கள், கல் எடுத்து வராதீர்கள்.

உச்சியின் பெயர் லோ. அந்தப் பெயருக்குரியவர் ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி. 1851இல் மலை ஏறிய அவர் அந்தச் சிகரத்தைத் தொடவே இல்லை. 1888இல் ஜான் வைட்ஹெட் தொட்டார். அதே லோ பின்னாளில் பேராக் மாநிலத்தின் ரெசிடென்ட் (சுல்தானுக்குப் பிரிட்டிஷார் வைத்த ஆலோசகர்) ஆனார். 1877இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் வேர் பிடித்தது அவர் காலத்தில்தான். நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த மரத்தின் கதையில் அவருக்கும் பங்கு உண்டு. மேலே போய்ப் படம் எடுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், வாழ்த்துவதோ திட்டுவதோ உங்கள் விருப்பம்.

முதல் கேள்வி கேட்ட அதே தம்பி: கினாபாலு முடிந்ததும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போவோமா?

5,364 மீட்டர் அது. அங்கே 3,000 மீட்டருக்கு மேல் போனதும், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. இடையிடையே ஏறாமல் தங்கும் நாளும் வேண்டும். இரண்டு வார விடுப்பை முதலாளியிடம் வாங்கிவிட்டு வா, பேசுவோம். அதற்கு முன்னால் வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்குக் குரூண் அடிவாரத்தில் இரு. அரிசிப் பொட்டலத்தை நானே நிறுத்துப் பார்ப்பேன்.