கடலூர்ப் பக்கம் எங்கள் ரயிலடி ஊர் எப்போது உருவானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தப் பாதை என்று நீங்கள் சொல்லவில்லை. ஆலப்பாக்கம் மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்கிறேன். விழுப்புரம்–கடலூர்–சிதம்பரம் பாதை 1870களில் வந்தது. புதுச்சேரிக் கிளை 1879. விருத்தாசலம்–கடலூர் பாதை 1920களின் கடைசியில்தான்.

பாதை திறந்த வருஷத்தையே ஊர் பிறந்த வருஷமாக எழுதிவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல். ஸ்டேஷன் வந்த புதிதில் அங்கே இருந்தது மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன், கேங்மேன் குடித்தனங்கள் மட்டும். எதிரே கிடந்த புஞ்சை எப்போது மனையாக விலைபோனதோ, அப்போதுதான் ஊர்.

அதைப் பிடிக்க வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டை, அதாவது சர்வே எண் வாரியாக நில விவரம் இருக்கும் பதிவேட்டைப் பாருங்கள். ரயில்வே நிலத்தை ஒட்டிய சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் பழைய எண்ணை தாலுகா ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரீசர்வேயில் எண் மாறியிருக்கும், புது எண்ணைக் கொடுத்துத் தேடினால் பழைய பத்திரம் ஒன்றும் வராது. பிறகு சார்பதிவாளர் ஆபீஸில் மேனுவல் ஈ.சி. (பழைய புத்தகங்களைக் கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்று) போடுங்கள். ஆன்லைனில் பெரும்பாலும் 1975க்கு முந்தையது கிடைக்காது. ஊர் வேறு சார்பதிவகத்திலிருந்து பிரிந்து வந்திருந்தால் பழைய புத்தகங்கள் அங்கேயே இருக்கும். பத்திர நகல் கிடைத்ததும் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். ‘ரயில்ரோட்டுக்குத் தெற்கு’ என்று எல்லை சொல்லி, புஞ்சை என்றில்லாமல் மனை என்று எழுதிய முதல் பத்திரம்தான் உங்களுக்கு வேண்டியது. அடுத்தடுத்த மனைகளும் நாலைந்து வருஷத்துக்குள் கைமாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்டேஷன் வேலியில் கம்பமாக நட்ட பழைய மீட்டர்கேஜ் தண்டவாளம் இருந்தால் அதன் நடுப்பட்டையில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். புடைத்த எழுத்தில் ஆலைப் பெயரும் வருஷமும் தெரியும். அது தண்டவாளம் செய்த வருஷம், பாதை போட்ட வருஷம் அல்ல. எங்கோ கழற்றியதை இங்கே கொண்டுவந்து நட்டிருக்கலாம். ‘இதையெல்லாம் யார் பார்ப்பார்கள், பெரியவர்களைக் கேட்டால் போதாதா’ என்பவர்களுக்கு: கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ‘வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன்’ என்பதோடு நின்றுவிடும்.

கட்டடத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப்பாதை 2010ல் திறந்தபோது ஓட்டுக் கட்டடங்கள் பலவும் போய்விட்டன. நல்ல தேக்குக் கதவு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போனது தனிக் கொடுமை.

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் என்றால் வழி வேறு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி என்பதால் பத்திரத்தில் கதாஸ்தர் (பிரெஞ்சு நில அளவைப் பதிவு) எண்ணைப் பிடித்துப் போக வேண்டும், பழையவை பிரெஞ்சில் இருக்கும்.