வீட்டுக்குள் ஸ்மார்ட் ட்ரெய்னரில் ஓட்டுவது உண்மையான சைக்கிள் பயிற்சி ஆகுமா, பணம் வீண்தானா?

இந்தக் கேள்வியை யாரும் தானாகக் கேட்பதில்லை. சைக்கிளை ஒரே இடத்தில் நிற்க வைத்து மிதிக்கும் இந்தக் கருவியைப் பார்த்து உங்கள் வீட்டில் யாரோ சிரித்திருப்பார்கள். "ஒரு அடிகூட நகராத சைக்கிளுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்டிருப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மதுரைப் பெண். திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன, இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். இங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விடியற்காலை நாலரைக்குக் கூட்டமாகக் கிளம்புவார்கள். அந்த இருட்டில் ஒரு பெண் தனியாகச் சாலையில் போக முடியாது. சைக்கிளைப் பறித்துக்கொண்டு போவது இந்த ஊரில் புதிதல்ல. கூட்டத்தோடு போகலாமே என்பீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் அதுவும் முடியாது. 2020 மார்ச் 27 முதல் ஊரடங்கு வந்தபோது, ஐந்து வாரம் உடற்பயிற்சிக்குக்கூட வெளியே கால் வைக்கத் தடை. மே மாதம் பிறந்த பிறகுதான் காலை ஆறு முதல் ஒன்பது வரை அனுமதித்தார்கள். அந்த ஐந்து வாரத்தில்தான் எட்டாயிரம் ராண்ட் சேர்த்து, பிறகு ஒருவர் பயன்படுத்திய ட்ரெய்னரை வாங்கினேன். 'வசதியானவர்களின் பொழுதுபோக்கு' என்று கருத்து எழுத வருபவர்கள் இதைக் கவனிக்கவும். நகை எதுவும் அந்த ஆண்டு வாங்கவில்லை.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே ட்ரெய்னரில் மாட்டினால், எத்தனை வாட் திறனோடு மிதிக்கிறீர்கள் என்பதை அது அளந்து செயலிக்கு அனுப்புகிறது. திரையில் ஏற்றம் வந்தால் மிதி கனக்கிறது. வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான ஸ்விஃப்ட் (Zwift) செயலியில் ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்று ஒரு மலை உண்டு. பிரான்சின் ஆல்ப் டியூஸ் மலைச்சாலையைப் பார்த்துச் செய்தது: 12.2 கிலோமீட்டர், 1,036 மீட்டர் ஏற்றம், 21 வளைவுகள். வளைவுகளை 21இல் தொடங்கி இறங்குமுகமாக எண்ண வேண்டும். நான் 62 கிலோ. அந்த எடையைத்தான் செயலியில் உண்மையாகப் பதிந்திருக்கிறேன். ஏற்றத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்ற கணக்கு. ஆகவே எடையைக் குறைத்துப் போட்டுவிட்டு முந்துகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாத இடத்தில் செய்தாலும் அது திருட்டுத்தான்.

முதல் முறை ஏறியது ஒரு மாலை நேரம். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடியில் போட்டிருந்த துண்டைப் பிழிந்தால் தரையில் சொட்டியது. அத்தை, அதாவது என் மாமியார், கட்டிலில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாலாம் எண் வளைவில் மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றது. காலடியில் இருந்த கனம் ஒரே நொடியில் மறைந்து, கால்கள் வெறுமனே சுழன்றன. மடிக்கணினி மட்டும் தன் பேட்டரியில் ஓடியது. இணையம் அறுந்துபோனதால் உடன் ஏறியவர்கள் எல்லோரும் திரையிலிருந்து மறைந்துவிட்டார்கள். பனி படர்ந்த மலையில் என் உருவம் மட்டும் மெல்ல நின்றது. ஒரு மணி பதினெட்டு நிமிடம் மிதித்திருந்தேன். அழுதுவிட்டேன். அத்தை விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து, "நாலுதானே அம்மா பாக்கி, நாளைக்கு ஏறலாம்" என்றார்.

அத்தையின் தமிழைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து என் உறவினர்கள் தொலைபேசியில் பேசும்போது அவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து இங்கே டர்பனில் இறக்கியது. அதன் பின் தலைமுறை தலைமுறையாக, பள்ளியில் எல்லாம் ஆங்கிலமாக இருந்த ஊரில், சமையலறையிலும் கோயிலிலும் மட்டும் வைத்துக் காப்பாற்றிய தமிழ் அது. சிரிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மறுநாளும் முடியவில்லை, மின்வெட்டு நேரம் மாறியிருந்தது. மூன்றாம் நாள், அடிவாரத்திலிருந்து மறுபடியும் தொடங்கி, 95 நிமிடத்தில் உச்சிக்குப் போனேன். சராசரி 133 வாட். அந்த 133 வாட்டும் என் தொடையிலிருந்து வந்தவை. இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை ஏறிவிட்டு வந்து சொல்லட்டும். 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் முதல்முறையாக நடத்திய மெய்நிகர் உலகச் சாம்பியன்ஷிப் போட்டி இதே ஸ்விஃப்டில்தான் நடந்தது. பெண்கள் பிரிவில் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ. அவருக்கு அணிவித்தது உலகச் சாம்பியனின் வானவில் சட்டை.

எல்லாவற்றையும் ட்ரெய்னர் கற்றுத்தராது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடும் அவர் நண்பர்களோடும் டர்பனுக்கு அருகே உள்ள போதாஸ் ஹில் என்ற மலைச்சாலையில் ஏறினேன். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்கள் பயப்படும் ஏற்றங்களில் அதுவும் ஒன்று. எங்கும் கால் ஊன்றவில்லை. ஆனால் இறக்கத்தில் கை நடுங்கியது. வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, பக்கத்தில் லாரி வந்தால் எப்படி ஒதுங்குவது என்பதெல்லாம் வீட்டு அறையில் வராது. அதற்குத் தனியாகச் சில வாரங்கள் சாலையில் ஓட்டினேன்.

உங்களிடம் சைக்கிள் இருந்தால், பழைய ட்ரெய்னரே போதும். பெரிய விசிறி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். எதிர்க்காற்று இல்லாத அறையில் உடல் சீக்கிரம் சூடேறிச் சோர்ந்துவிடும். ஓட்டி முடித்ததும் கைப்பிடியின் திருகாணிகளைத் துடைத்து வையுங்கள். வியர்வை உப்பு இரும்பை அரித்துவிடுகிறது. எனக்கு இரண்டு திருகாணிகள் போயின. மின்வெட்டு உள்ள ஊர் என்றால், மலை ஏறத் தொடங்கும் முன் அன்றைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.