ஆழமாக வெட்டினால் வெள்ளம் நிற்குமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் மழைநீரைத் தேக்கக் குளம் ஒன்று வெட்டவிருக்கிறார்கள். ஆழமாக வெட்டிவிட்டால் வெள்ளமும் வராது, அழுக்கும் அடியில் படிந்துவிடும் என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பாதிதான் சரி. உங்கள் பகுதியைப் போன்ற தாழ்நிலத்தில் வடகிழக்குப் பருவமழையின்போது நிலத்தடி நீர்மட்டம் மேலேறிவிடுவதால், அந்த மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளம் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். வெள்ளத்தை வாங்கிக்கொள்வது அதற்கு மேலுள்ள வெற்றிடம் மட்டுமே. ஆகவே ஆழத்தைவிடப் பரப்பையும் வெளியேற்றும் அமைப்பையும் கவனியுங்கள். சாதாரண மழைநீரை ஓரிரு நாளில் மெதுவாக வடிக்கக் கீழே ஒரு சிறு துளையும், பெருமழைக்கு அதன்மேல் அகன்ற திறப்பும், கரை உடையாமல் உபரிநீர் வழிய, ஏரிகளில் உள்ளதைப் போன்ற கலிங்கும் வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. மழையை எந்தக் குடியிருப்புக் குளமும் தாங்காது. அந்த நீர் எவ்வழியே போகும் என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

சாலையில் படிந்த எண்ணெயும் டயர்த் துகளும் மழையின் தொடக்கத்திலேயே மிகுதியாக அடித்துவரப்படும். நீர் நுழையும் இடத்தில் தாழ்ந்த வரப்பால் பிரித்த வண்டல் பள்ளமும், அதைத் தூர்வார ஜேசிபி இறங்கும் சரிவும் அவசியம். நுழைவாயும் வெளிவாயும் அருகருகே இருந்தால் வண்டல் படிய நேரம் கிடைக்காது. நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருப்பது நல்லது.

சாக்கடை கலந்தால் இவை எதுவும் உதவாது. கோடையில் மழைநீர் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். அப்போதும் நீர் ஓடினால், குளம் வெட்டும் முன்பே அதில் சாக்கடையை விடும் கள்ள இணைப்புகளைத் துண்டிக்க எழுத்துமூலம் கேளுங்கள்.